எட்டுச்செலவுக்கு வைத்த பீன்ஸ் சோறு

என் கணவரின் எட்டுச்செலவுக்கு, அதாவது செத்தவருக்குப் படைக்கிற எட்டாம் நாள் படையலுக்கு, முதல் நாள் பின்னேரம், என் மச்சாள் ஒரு சட்டிச் சோற்றைத் தூக்கிக் குப்பைப் பைக்குள் கொட்டினார். மச்சாள் என்றால் கணவரின் அக்கா. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று பிறகு எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். வேண்டுமென்று செய்தாரோ இல்லையோ, சோறு குப்பைக்குள் கிடந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.

அந்தச் சோற்றை நான் அன்று காலையில்தான் காய்ச்சியிருந்தேன். வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, திரும்பச் சட்டிக்குள் போட்டு மூடி, பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த நாள் அது பழஞ்சோறாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தேன். ஏன் என்று சொல்வதற்கு, என் கணவர் என்ன வேலை செய்தார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

அவர் சமையற்காரர். இந்தச் சொல்லைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. ரொறொன்ரோ டவுன்ரவுனில் ஒரு கேஜன் உணவகத்தில் பதினெட்டு வருடம் அடுப்படியில் நின்றார். கேஜன் என்பது அமெரிக்காவின் தெற்கே, லூசியானாப் பக்கத்துச் சமையல். அந்த உணவகத்தின் சுவரில் முதலைப் படம் தொங்கும். முன்னால் பரிமாறுகிறவர்கள் சிரித்த முகத்தோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள். பின்னால் குசினியில் வியர்த்துக்கொண்டு நின்ற ஆறு பேரும் யாழ்ப்பாணம். அசல் லூசியானாச் சாப்பாடு என்று சனம் வரிசையில் நின்று சாப்பிட்டது. என் கணவர் கண்ட அமெரிக்கா, நயாகராவின் இந்தப் பக்கம் நின்று பார்த்த மறுகரை மட்டும்தான்.

இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைத்தது அவருடைய அக்கா. விட்பியில் பெரிய வீடு வாங்கிப் போன நாளிலிருந்து, தம்பி "றெஸ்ரோறண்டிலை மனேஜர்" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். கலியாண வீடுகளில் யாராவது என் கணவரிடம் "மனேஜர் எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் நான் அவரைப் பிடித்து ஏசுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். பிறவிக் குணம். வேலையிலும் அப்படித்தான். மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் இருக்கிறேன். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் என்னோடு பேசுவதற்கு முதலில் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்வார்கள்.

அவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நான் நாலு மணிக்கு வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, சப்பாத்துக்குள் பனித்தண்ணீர் ஏறி, யாரைப் பிடித்துக் கடிக்கலாம் என்ற முகத்தோடு வீட்டுக் கதவைத் திறப்பேன். அந்த மணம் வரும். புகையில் வாட்டிய சொசேஜ் எண்ணெயில் கிடக்கிற மணம்.

அவர் அதற்காகக் கடைக்குப் போய் எதுவும் வாங்கமாட்டார். மிச்சங்களை வைத்தே செய்வார். ஞாயிற்றுக்கிழமை வடித்த சோறு. பிளாஸ்ரிக்கில் சுற்றிய பாதி வெங்காயம். வேலையிடத்தில் மிஞ்சி, வாடத் தொடங்கிய செலரித் தண்டு, பச்சைப் பெல் பெப்பரில் ஒரு துண்டு. திறந்து வைத்த ரின்னில் பாதி கிட்னி பீன்ஸ், அந்தச் சிவப்புக் கொட்டை. மகள் காலையில் சாப்பிடாமல் தள்ளிவிட்ட சொசேஜ். முதலில் சொசேஜை வட்டம் வட்டமாக வெட்டி, தடித்த இரும்புத் தாச்சியில் அது தன் எண்ணெயைக் கக்கும்வரை விடுவார். அந்த எண்ணெயிலேயே வெங்காயம், செலரி, பெல் பெப்பர் மூன்றும் விழும். இந்த மூன்றும்தான் கேஜன் சமையலுக்கு அத்திவாரம் என்பார். ஓரங்கள் சிவந்து வரும்போது, ஜாம் போத்தலில் தான் கலந்து வைத்திருந்த தூளைப் போடுவார். பப்ரிக்கா, உள்ளித்தூள், தைம், மிளகு, உறைப்புக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள். எங்கள் கறித்தூளைக் கிட்டவும் விடமாட்டார். பிறகு பீன்ஸைத் தண்ணீரோடு ஊற்றி, காற்பங்கை அகப்பையின் பின்பக்கத்தால் மசித்துவிடுவார். அப்போதுதான் குழம்பு தடிக்கும். கடைசியில்தான் சோறு. குளிர்ந்த சோற்றைக் கையால் உதிர்த்துப் போட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் விடுவார்.

"சூட்டுச் சோறு போட்டால் களியாப் போகும். உதுக்குப் பழசுதான் வேணும்," என்பார். சேர்ட் பைக்குள் எப்போதும் ஒரு தேக்கரண்டி இருக்கும். மூன்று தரம் ருசி பார்க்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்கமாட்டார்.

மேலாக இருக்கிற பீன்ஸும் சொசேஜும் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வரும். நிறைய வரும். அவர் தாச்சியின் அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். "இருந்து வடிவாச் சாப்பிடுங்கோவன்," என்று சொன்னால், "எனக்கு இது காணும்," என்பார், போதுமாம். சமையற்காரருக்கு இருந்து சாப்பிடுகிற பழக்கம் போய்விட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு திங்களும் ஒருவர் ஒரு சாப்பாட்டைச் செய்தால், அதுவும் விடுமுறை நாளில் செய்தால், அது அவருக்கு உயிர் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அடுத்த நாளே அவரை மாற்றத் தொடங்கினார்கள். மரண அறிவித்தலில் "உணவக முகாமையாளர்" என்று போட்டார்கள். போட்டார்கள் என்ன, மச்சாள் போட்டார். படத்துக்கு அவருடைய நல்ல படம் ஒன்றை நான் கொடுத்தேன், நீலச் சேர்ட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிற படம். திரும்பி வந்தபோது அதில் அவர் கறுத்தக் கோட்டும் ரையும் போட்டிருந்தார். அவரிடம் கோட்டே இருந்ததில்லை. எங்கள் கலியாணத்தன்றுகூட வேட்டிதான். கழுத்து ஒருவருடையது, தோள் யாரோ ஒருவருடையது. அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, பூமாலை போட்டு, என் வீட்டுக்குள் வந்து இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செத்தவீட்டில் பெண்சாதி கத்தினால் கவலையில் கத்துகிறாள் என்றுதான் சொல்வார்கள். என் கோபத்துக்கு அங்கே கோபம் என்ற மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் எட்டுச்செலவைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்களிடம் செத்தவருக்கு எட்டாம் நாள் படைப்பது வழக்கம். முப்பத்தோராம் நாள் சைவம். எட்டுக்கு அப்படியில்லை. போனவருக்கு எது பிடிக்குமோ, மீனோ இறைச்சியோ சாராயமோ, அதைச் சமைத்து வாழையிலையில் வைத்து அனுப்பிவிடவேண்டும். எட்டு என்று பெயர், ஆனால் இந்த ஊரில் அது சனி ஞாயிறு பார்த்துத்தான் வரும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அறிவித்தலில் பொய், படத்தில் பொய். இலையிலாவது அந்த மனிதன் அந்த மனிதனாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மச்சாள் தொலைபேசியில் பட்டியல் வாசித்தார். நண்டுக்கறி, கணவாய், இறால் பொரியல், ஆட்டிறைச்சி, முட்டை, மீன் குழம்பு, விஸ்கி.

"மச்சாள், அவருக்குப் பிடிச்சது பீன்ஸ் சோறு. அதையும் வைக்கவேணும்," என்றேன்.

"உதென்ன பீன்ஸ் சோறு?"

"அவர் திங்கட்கிழமையிலை செய்யிறது. பிரிட்ஜுக்கை மிஞ்சிக் கிடக்கிறதிலை செய்யிறது."

"மிச்சத்தையோ செத்தவனுக்குப் படைக்கப் போறீர்? அதுக்குள்ளை என்ன போடுறது?"

"சொசேஜ்."

"என்ன சொசேஜ்?"

"பண்டி."

பன்றியா என்று மச்சாள் ஒருதரம் திருப்பிக் கேட்டார். பிறகு மச்சாள் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் அது கத்துவதைவிட மோசம். "நாலு சனம் வாற இடம். அவன் குசினியிலை நிண்டவன் எண்டு இலையிலை எழுதி ஒட்டவேணுமோ?"

"பண்டி வெட்டின கையாலைதான் உங்களை எயார்போர்ட்டிலை வந்து கட்டிப்பிடிச்சவர். அப்ப மணக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

சனிக்கிழமை காலை சோற்றைக் காய்ச்சிப் பிரிட்ஜில் வைத்தேன். முறைப்படி, அதாவது அவருடைய முறைப்படி. பின்னேரம் நான் நிலவறையில் கதிரைகள் எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் விட்பியிலிருந்து வந்து இறங்கினார், நண்டும் கணவாயும் நிறைந்த பெட்டியோடு. அவற்றை வைக்க இடம் தேடியிருக்கிறார். மேல்தட்டில் பழஞ்சோறு. மறுநாள் செலவு நடக்கப்போகிற வீட்டில் பழஞ்சோறு. நான் இரண்டு கதிரையோடு மேலே ஏறி வரும்போது, மச்சாள் வெறும் சட்டியின் விளிம்பைக் குப்பைப் பையில் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். மனேஜர் என்ற சொல்லும், கோட்டு என்ற சொல்லும் அவற்றுக்குள் பலமுறை வந்தன. மச்சாள் சட்டியைப் பிடித்தபடி அழத் தொடங்கினார். "எனக்குத் தெரியேல்லை, எனக்குத் தெரியேல்லை," என்றார். பல்கலைக்கழகம் போகிற என் மகள் மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"அம்மா, ஸ்ரொப்! பக்கத்து வீட்டுக்கும் கேக்குது. சீரியஸ்லி."

"கேக்கட்டும்!"

அவள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசித் தீர்த்தாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். முடிவில் மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். பீன்ஸ் சோறு வைக்கலாம். பண்டியும் போடலாம். "ஆனால் செலவண்டு காலமை உலை வைச்ச சோறாத்தான் இருக்கவேணும். ருசி பாக்கவும் கூடாது. அதுக்குமேலை நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றார். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதுதான் பிழை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் புதிதாக வாங்கியவற்றைக் கொண்டு சமைத்தேன். முழு வெங்காயம், மொறுமொறுவென்று உடைகிற செலரி, மினுங்குகிற பெல் பெப்பர், முழு ரின் பீன்ஸ். அவருடைய ஜாம் போத்தலில் இரண்டு கரண்டி தூள்தான் மிஞ்சியிருந்தது. இனி அதைக் கலக்க ஆளில்லை என்பது போத்தலைக் கவிழ்க்கும்போதுதான் மண்டையில் ஏறியது. எங்கள் வழக்கத்தில் படையலுக்குச் சமைப்பதை வாயில் வைக்கக்கூடாது. அவரோ மூன்று தரம் ருசி பார்க்காமல் இறக்காத மனிதன். அவருக்காகச் சமைத்ததை அவருடைய விதியை மீறித்தான் சமைக்க வேண்டியிருந்தது. சொசேஜில் உப்பு இருக்கிறது என்பதை மறந்து உப்புப் போட்டேன். சுடச்சுட வடித்த சோற்றைப் போட்டுக் கிளறினேன். அவர் சொன்னது சரி. களியாகிவிட்டது. அகப்பையைத் தூக்கினால் சோறும் கூடவே எழும்பி வந்தது.

அந்தக் களியைத்தான் தலைவாழையிலையின் நடுவில் வைத்தேன். மச்சாள் நண்டுக்கறியைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். பதினெட்டு வகை இலையில் இருந்தன. நான் எண்ணவில்லை, மச்சாள் வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கற்பூரம் காட்டிய பிறகு, போனவர் வந்து சாப்பிடுவதற்காக ஆட்கள் அறையை விட்டு விலகி, கதவைச் சாத்தவேண்டும். எங்கள் முன்னறைக்குக் கதவு கிடையாது. இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஆகவே முப்பது பேரும் வாசலில் கிடந்த சப்பாத்துக் குவியலுக்குள் தங்கள் தங்கள் சப்பாத்தைத் தேடி, வெளியே கராஜுக்கு முன்னால் போய் நின்றோம். மார்ச் மாதத்துக் காற்று காதை அறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் பார்த்தார்.

அங்கே நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பதினெட்டுக்குள்ளும் அவர் நேரே பீன்ஸ் சோற்றிடம்தான் போவார் என்று நினைத்தேன். களியானாலும் அதைத்தான் தொடுவார். மச்சாளின் நண்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். புருசன் செத்து நிற்கிற நேரத்தில், குளிரில், எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஓடியது.

உள்ளே வந்து சாப்பாடு பரிமாறினோம். அவரோடு குசினியில் வேலை செய்த தம்பி ஒருவர் வந்திருந்தார். பத்து வருடம் அவருக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவர். மூலையில் கதிரை நுனியில் இருந்தார். மச்சாள் யாருக்கும் அவரை அறிமுகப்படுத்தவில்லை. அறிமுகப்படுத்தினால் மனேஜர் கதை என்னாவது? அதனாலேயே நான் சபைக்கு நடுவால் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, அவருடைய கோப்பையில் பீன்ஸ் சோற்றை அள்ளி வைத்தேன்.

"சாப்பிடுங்கோ தம்பி. உங்கட அண்ணைக்குப் பிடிச்சது."

அவர் ஒரு வாய் வைத்தார். முகம் ஒருமாதிரிப் போயிற்று.

"என்ன, உப்புக் கூடவோ?"

"உப்பு இல்லையக்கா..." அவர் கோப்பையையும் என்னையும் பார்த்தார். நல்ல மனிதர், பொய் வராது. "அண்ணை உதைச் சாப்பிடமாட்டாரே அக்கா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒவ்வொரு திங்களும் வீட்டிலை செய்தவர்."

"ஓமக்கா, அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிய, மிஞ்சின செலரியையும் பெல் பெப்பரையும் பையுக்கை போடுவார். நாளைக்கு அவவுக்குச் செய்யவேணும் எண்டு சொல்லித்தான் போடுறவர். வேலையிலை எங்களுக்கு உதுதான் சாப்பாடு எண்டால் அண்ணை பாண் வாங்கிச் சாப்பிடுவார். பீன்ஸ் மணமே அவருக்கு ஆகாது. இத்தினை வருசம் உதுக்குள்ளை நிக்கிறன், வாயிலை வைக்கேலாது எண்டுவார்."

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் கையில் அகப்பையோடு நின்றேன்.

"பிறகேன் வீட்டிலை மினக்கெட்டுச் செய்யிறவராம்?" கேட்டது மச்சாள்.

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். தாங்கமுடியாமல் வந்த சிரிப்பு, கண்ணும் கலங்கியிருந்தது. "நானும் ஒருக்கால் கேட்டனான் அன்ரி. அதைச் சாப்பிடுற நேரம் மட்டுந்தான் மனுசி என்னை ஏசாமல் இருக்கிறவ எண்டு சொன்னவர்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு முழு அறையும். என்னைத் தெரிந்தவர்கள்தானே எல்லோரும். என் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கோட்டுப் போட்ட படத்துக்கு முன்னால், எட்டுச்செலவு வீட்டில், சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. மச்சாளும் சிரித்தார். பத்து நாளில் முதல்முறை.

நான் அகப்பையைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு மேலே போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அந்தத் தம்பி மீது கோபமில்லை. சிரித்தவர்கள் மீதுகூட இல்லை. எல்லாக் கோபமும் அவர் மீது. அடுப்படியில் நின்று அடிச்சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டாரே, அதில்தான் பீன்ஸ் இராது. எல்லாவற்றையும் பொறுக்கி என் கோப்பையில் போட்டுவிட்டு, "எனக்கு இது காணும்" என்று சொன்ன பொய்யர். எத்தனை திங்கட்கிழமைகள்! ஒரு தரம் "எனக்கு இது பிடிக்காது" என்று சொல்ல என்ன வந்தது? சொல்லியிருந்தால் நான் என்ன, கடித்தா தின்றிருப்பேன்? ஏசியிருப்பேன். அவ்வளவுதான். குளியலறைத் தரையில் இருந்துகொண்டு, செத்துப்போன மனிதனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பதில் சொல்லமாட்டார். உயிரோடு இருந்தபோதும் சொன்னதில்லை.

சனம் போன பிறகு கீழே இறங்கி வந்தேன். மச்சாள் தனியே நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைக்கத் தொடங்கினேன்.

"நண்டு அவனுக்குப் பிடிக்குமோ எண்டும் எனக்குத் தெரியாது," என்றார் மச்சாள் திடீரென்று. "சின்னனிலை ஒருக்கால் நண்டு வேணுமெண்டு அழுதவன். அதை வைச்சுத்தான் நானும் சொன்னனான். நாப்பது வருசத்துக்கு முந்தின கதை."

"பின்னை அவருக்கு என்னதான் பிடிக்கும்?"

"உமக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரியும். எந்தச் சப்பாத்து காலைக் கடிக்கும் என்று தெரியும். எதைத் தின்ன ஆசைப்பட்டார் என்று தெரியாது. வைத்ததைச் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றார், நான் நம்பினேன். பதினெட்டு வகை வைத்தோம், ஒன்றும் நிச்சயமில்லை. படத்தில் மச்சாள் கோட்டுப் போட்டதுபோல, இலையில் நானும் ஒரு கோட்டைத்தான் வைத்தேன். எனக்குப் பிடித்ததை அவருக்குப் போர்த்தி அனுப்பினேன்.

ஆனால் எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னை உடைத்தது. நாளைக்கு நான் செத்தால், எட்டாம் நாள் என் இலையில் என்ன வைக்கவேண்டும் என்று அறிந்திருந்த ஒரே ஆள் எனக்கு முன்னால் போய்விட்டார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பிரிட்ஜுக்குள் அரைச் சட்டிக் களி அப்படியே கிடந்தது, யாரும் தொடவில்லை. ஒரு இரவு குளிரில் கிடந்ததில் இறுகி, கையால் உதிர்க்கும் பதத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் செலவுக்கு வடித்த வெறுஞ்சோறும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவருடைய இரும்புத் தாச்சியை அடுப்பில் வைத்து, முதல் நாள் வெட்டி மிஞ்சிய செலரியையும் வெங்காயத்தையும் வதக்கி, இரண்டு சோற்றையும் உதிர்த்துப் போட்டேன். வெறுஞ்சோறு உப்பைக் குறைத்தது. மூன்று தரம் ருசி பார்த்தேன். மூன்றாம் தரம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மணத்துக்கு மகள் இறங்கி வந்தாள்.

"உனக்குத் தெரியுமோ, அப்பாவுக்கு உது பிடிக்காதெண்டு?"

அவள் கீழே பார்த்தாள். "கைன்ட் ஒஃப். எனக்கும் பிடிக்காதும்மா. ஐ ஹேற் பீன்ஸ். அப்பா சொல்லவேண்டாமெண்டு சொன்னவர்."

இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அவள் தலையில் இறங்கியது. "இஞ்சை வா. வந்து பார். ஃபோனை வைச்சிட்டுப் பார். வெங்காயம், செலரி, பெல் பெப்பர். பீன்ஸ் காவாசி மசிக்கவேணும். சோறு முதல் நாள் சோறு, விளங்குதோ? என்ரை எட்டுக்கு எனக்கு உதுதான் வேணும். கோட்டுப் போட்ட படம் வைச்சியளெண்டால் எழும்பி வருவன். மாமி வந்து சோத்தைக் கொட்ட வெளிக்கிட்டால் கையைப் பிடி."

"அம்மா, பிளீஸ்..."

"பிடிப்பியோ இல்லையோ?"

"பிடிப்பன்," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "ஓகே, பிடிப்பன்."

அவள் கோப்பையை எடுத்துத் தந்தாள். மேலாக இருந்த பீன்ஸையும் சொசேஜையும் நானே எனக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன். அவள் அடுப்படியில் நின்று, அடியில் ஒட்டிய சோற்றைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டாள். கோப்பை முடியும்வரை நான் ஒருவரையும் ஏசவில்லை.